அசையாத எண்

மூன்று வருடங்களுக்கு முன், சித்திரை வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம். திருப்பூரை அடுத்த ஒரு சாயப்பட்டறையில் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். அன்று நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் அடங்காது.

சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்யும் இடத்தில் ஆங்காங்கே சின்னச் சின்னப் பெட்டிகள் பொருத்தியிருந்தோம். வயர் கிடையாது. தொட்டிக்குள் விஷவாயு எவ்வளவு இருக்கிறது என்று அளந்து ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குச் சொல்லும், அது அதற்கடுத்ததற்குச் சொல்லும், கடைசியில் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். அங்கே அடிக்கிற ஆவிக்கும் உப்புக்கும் எந்தப் பெட்டியும் ரொம்ப நாள் தாங்காது. நடுவில் ஒன்று செத்தால் அதன் வழியாகப் பேசும் மற்றவையும் ஊமைதான். அப்போது ஆபீஸில் அலாரம் அடிக்கும்.

எங்கள் மேனேஜருக்கு அந்தச் சத்தம் ஆகாது. ஆர்டர் கொடுக்கிறவர்கள் வந்து போகிற இடம், எந்நேரமும் கீ கீ என்று கத்தினால் என்ன நினைப்பார்கள் என்பார். ஒரு பெட்டி போனாலும் செய்தி வேறு வழியில் வருகிற மாதிரி இன்னொன்று வைக்கலாம் என்று நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். "பார்க்கலாம் அம்மணி" என்பார். அதோடு சரி.

அன்றைக்குச் சேற்றுத் தொட்டியில் பம்பு அடைத்துக்கொண்டது. ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டும். இறங்கும் முன் வாயுவை அளக்கும் கைமீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. கம்ப்யூட்டரில் எல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது, அது எதற்கு என்று சொல்லி மேனேஜர் ஆளை அனுப்பிவிட்டார். நான் சாப்பிட்டுவிட்டு ஆபீஸுக்குள் வந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது.

வழக்கம்போல் திரையைப் பார்த்தேன். தொட்டிக்கு நேராகக் காலையில் பார்த்த அதே எண். வெயில் ஏற ஏற அது கொஞ்சமாவது ஏறி இறங்கும். ஒரு புள்ளிகூட அசையவில்லை. உயிரோடு இருக்கிற பெட்டி அப்படிக் காட்டவே காட்டாது. ஜன்னல் வழியே பார்த்தால், தொட்டி மூடி திறந்து கிடக்கிறது.

ஓடினேன். தாராபுரத்துக்காரர் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏணியில் சில படிகள் இறங்கியிருந்தார். அவருடைய கூட்டாளி மேலே கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

"மேல வந்துருங்கண்ணா! ஏறுங்க!" என்று கத்தினேன்.

அவர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "இன்னைக்கு நாத்தமே இல்லீங்க அம்மணி."

அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு அளவு மீறினால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். அதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கை ஏணியிலிருந்து நழுவியது. கூட்டாளியும் நானும் கயிற்றை இழுத்தோம். சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களும் பிடித்தார்கள். எப்படியோ வெளியே கொண்டுவந்து காற்றோட்டமான இடத்தில் கிடத்தினோம். இருமினார், வாந்தி எடுத்தார். ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு கைமீட்டரைத் தொட்டிக்குள் விட்டேன். தொட்டி வாயைத் தாண்டியதுமே அது வீறிட்டது.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. நடுவில் இருந்த ஒரு பெட்டி காலையிலேயே செத்திருக்கிறது. தொட்டிப் பெட்டி ஆபத்து, ஆபத்து என்று விடாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. வாங்கிக் கடத்தத்தான் ஆளில்லை. சரி, அலாரம் ஏன் அடிக்கவில்லை? பெட்டி மாட்டிய கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். செய்தி வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கட்டும், சத்தம் வேண்டாம் என்று மேனேஜர் எனக்குத் தெரியாமல் மாற்றச் சொல்லியிருக்கிறார்!

நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"அதான் ஒண்ணும் ஆகலியே, எதுக்கு அம்மணி இத்தனை சத்தம்?" என்றார்.

"செத்துப்போன பெட்டிய உசுரோட இருக்குதுன்னு காட்டச் சொன்னீங்க. அந்தண்ணன் செத்திருந்தா அவரையும் அப்படித்தான் காட்டியிருப்பீங்களாங்க?"

அத்தனை ஆத்திரத்திலும் என் வாயிலிருந்து அந்த 'ங்க' போகவில்லை. அதில் எனக்கு என் மேலேயே எரிச்சல்.

மற்ற ஆட்களோடு என் பின்னாலேயே வந்திருந்த கூட்டாளி, கையிலிருந்த கயிற்றைச் சுருட்டித் தரையில் வீசினார். "இனி இவிங்க பேச்சைக் கேட்டு ஒருத்தனும் இறங்கமாட்டமுங்க" என்றார். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி வந்தார். அன்று சாயங்காலமே அலாரம் திரும்பி வந்தது. அடுத்த வாரம் செய்திக்கு இரண்டாவது வழியும் வந்துவிட்டது. பெட்டி பேசாவிட்டால் இப்போது திரையில் எண் வராது, 'தகவல் இல்லை' என்றுதான் வரும். மேனேஜர் மட்டும் அதே நாற்காலியில் இருந்தார்.

தாராபுரத்துக்காரர் தேறி வேலைக்கு வந்த அன்று அவர் மனைவியும் கூட வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கம்ப்யூட்டர்ல நல்லா இருக்குதுன்னு சொல்லித்தான் எறக்குனாங்களாமே, நெசமுங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

சில மாதங்களில் நான் வேறு இடத்துக்கு வந்துவிட்டேன். எந்தக் கருவியும் ஒருநாள் கெடத்தான் செய்யும், அதில் எனக்கு யார் மீதும் வருத்தமில்லை. ஆனால் கெட்டது தெரிந்தால் தொந்தரவு என்று அதன் வாயை அடைத்துவிட்டு, அந்த அமைதியை நம்பி இன்னொருவரைக் குழிக்குள் அனுப்பிய மனிதரை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை, மன்னிக்கவும் விருப்பமில்லை.