வால்வு இல்லாத வண்டி

“இன்னா இன்ஜினியரம்மா, நீ படிச்ச படிப்புல இன்ஜின் சூடாயிடுமா?”

மந்தைவெளியில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் பாய் இப்படிக் கேட்டதும், டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து அப்பாவும் சிரித்தார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அப்பாவிடம் ஒரு பழைய மினி லாரி இருக்கிறது. டீசல் வண்டி. அபிராமபுரத்தில் ஒரு மாமி நடத்தும் சமையல் கூடத்திலிருந்து தி.நகர் மண்டபங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறார். எங்கள் தெருவில் ஸ்கூட்டர் நிறுத்தவே இடம் கிடையாது என்பதால் வண்டி அந்தச் சமையல் கூடத்து வாசலிலேயே நிற்கும். மார்கழி பிறந்துவிட்டால் விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்டார்ட் செய்து, இருபது நிமிடம் அப்படியே ஓடவிடுவார். அதற்கு முன் நகர்த்தினால் குலுங்கி நின்றுவிடும். அந்த இருபது நிமிடமும் பின்னாலிருந்து வெள்ளை வெள்ளையாகப் புகை வரும். சென்னையில் குளிரா என்று கேட்பவர்கள் அந்த வண்டியைக் கேட்டிருக்க வேண்டும்.

போன மார்கழியில் ஒரு புதன்கிழமை மாமி அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: “மாடியாத்துக் குழந்தைக்கு மூச்சு இழைக்கறது. அவா வந்து சண்டை போட்டுட்டுப் போயிருக்கா. திங்கக்கிழமையும் இப்படிப் புகை வந்துண்டிருந்தா நான் வேற வண்டி பாத்துக்கறேன். தப்பா நெனச்சுக்காதேப்பா.”

அப்பாவுக்கு வேறு நிலையான வேலை கிடையாது. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆட்டோமொபைல் படித்துப் பட்டம் வாங்கி, வேளச்சேரியில் ஒரு சர்வீஸ் சென்டரில் இருக்கிறேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதை மறைத்ததும் இல்லை. “விடு நைனா, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

வியாழக்கிழமை, ஸ்டார்ட் ஆகும்போது இன்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளை மாற்றினேன். வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. ஆனால் புகை குறையவில்லை. இன்ஜின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டருக்கு முன்னால் அப்பா ஓர் அட்டையைக் கட்டி வைத்திருந்தார், குளிர்காற்று படக்கூடாதாம். “இதெல்லாம் ஒரு வைத்தியமா?” என்று பிடுங்கி எறிந்தேன். மறுநாள் இருபது நிமிடம் முப்பது நிமிடமாகிவிட்டது. பாய் கேட்டதும், எல்லாரும் சிரித்ததும் அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை முழுவதும் அந்த அட்டையே மண்டைக்குள் ஓடியது. இன்ஜின் சூடாகும்வரை உள்ளே இருக்கும் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகக்கூடாது. போகாமல் தடுப்பதற்கென்றே உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வால்வு உண்டு. தண்ணீர் கொதிநிலையை நெருங்கும்போதுதான் அது திறக்கும். அப்படியென்றால், இன்னும் சூடே ஆகாத இன்ஜினுக்கு ரேடியேட்டர் முன்னால் அட்டை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஆனால் அட்டையை எடுத்ததும் பத்து நிமிடம் கூடியதே! வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

ஞாயிறு காலை வண்டியை ஷெட்டுக்கு எதிரே நிறுத்தி, நானே வால்வு இருக்கும் இடத்து மூடியைக் கழற்றினேன். செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. வால்வைப் பிடித்து இழுக்க விரலை விட்டேன். விரல் எதிலும் தட்டவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். வால்வு உட்காரும் இடம் வெறுமையாக இருந்தது.

தேய்ந்திருக்கும், துருவேறியிருக்கும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். இல்லாமலே இருக்கும் என்று நினைக்கவில்லை. பாடப் புத்தகத்தில் எந்தப் படத்திலும் அந்த இடம் காலியாக இருந்ததில்லை.

நேரே ஷெட்டுக்குள் போய்க் கத்தினேன். “எங்க நைனாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னுதானே பாய் வால்வை உருவிட்டீங்க? கேக்க ஆளில்லன்னு நெனச்சீங்களா?”

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்தார். என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினால் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

“அவரு எடுக்கலம்மா. நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

“இன்னா சொல்ற நைனா?”

“கல்யாணச் சாப்பாட்டோட நந்தனம் சிக்னல்ல கொதிச்சி நின்னுச்சே, ஞாபகம் இருக்குதா? மண்டபத்துல பந்தி போட்டுட்டு காத்துக்கினு இருந்தாங்க. அந்த வால்வு இருந்தாத்தானே தண்ணிய அடைக்கும்? அதான் எடுத்துடச் சொன்னேன்.”

“வாணாம்னுதான் சொன்னேன், கேட்டாத்தானே?” என்றார் பாய். “இந்த ஸ்டாண்டுல எந்த பழைய வண்டில வால்வு கீது, காட்டு பாப்போம். நம்ம வெயிலுக்கு எதுக்கு பாய்னு எல்லாரும் கழட்டிட்டுப் போய்க்கினேதான் கீறாங்க.”

அங்கே நின்றிருந்த டிரைவர்களை ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒருவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ஒருவர், “அந்தப் பீடை இன்னாத்துக்கும்மா?” என்றார். வருடக்கணக்காக அத்தனை வண்டிகளும் இப்படித்தான் ஓடியிருக்கின்றன. நான் படித்த அத்தனை பாடத்திலும் இது ஒரு வரிகூட இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய அதிர்ச்சி என் வாயிலிருந்து வந்த வார்த்தை. படிக்கத் தெரியாது. அத்தனை பேர் முன்னால். அப்பா கீழே கிடந்த போல்ட்டுகளைப் பொறுக்கி என் கையில் கொடுத்தார்.

பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரி வுடு, மொதல்ல அது ஏன் கொதிச்சிச்சின்னு பாரு” என்றார். இருவருமாக ரேடியேட்டரை இறக்கினோம். பாதிக் குழாய்களில் வெள்ளையாக உப்பு கெட்டிதட்டிப்போயிருந்தது. அப்பா இத்தனை வருடமும் ஊற்றியது எங்கள் தெரு போர் தண்ணீர். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். நந்தனத்தில் கொதிக்க வைத்தது அந்த உப்புதான். வால்வு பழியைச் சுமந்திருக்கிறது.

பாய் அலமாரியின் ஆழத்திலிருந்து ஒரு புது வால்வைத் தேடி எடுத்தார். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் பாத்திரம் வைத்தேன்.

“அடியே, அது டீ போடற பாத்திரம்டி!” என்று அம்மா அலறினார்.

தண்ணீர் சூடாகச் சூடாக, மூடியிருந்த வால்வு மெல்லத் திறந்தது. குளிர்ந்த நீரில் போட்டதும் மூடிக்கொண்டது. அப்பா குனிந்து பார்த்தார்.

“யாரும் தொடலியேம்மா!”

மறுபடியும் போடச் சொன்னார். நாலு முறை போட்டேன்.

சாயங்காலத்துக்குள் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, வால்வைப் பொருத்தி, போர் தண்ணீருக்குப் பதில் உப்புப் படியாத கூலண்ட் திரவத்தை ஊற்றினோம். இன்ஜின் சூட்டைக் காட்டாமல் செத்துப்போயிருந்த வெப்பமானிக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை டாஷ்போர்டில் வைத்தேன்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். “ஒரு நிமிஷம் போதும் நைனா. நின்னுக்கினு இருந்தா சூடாக நேரமாகும், மெதுவா ஓட்டினா சீக்கிரம் ஆகும்” என்றேன். மனமில்லாமல்தான் கியர் போட்டார். வண்டி லேசாகக் குலுங்கியது, நிற்கவில்லை. அழுத்தி மிதிக்காமல், இரண்டாவது கியரில் நாலு தெரு சுற்றினோம். வெப்பமானி முள் ஏறி நடுவில் நின்றது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் தெரு தெளிவாகத் தெரிந்தது.

திரும்பி வந்தபோது மாமி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். “எப்போ கிளப்பினே? சத்தமே கேக்கலையே” என்றவர், பாத்திரங்களை ஏற்றச் சொன்னார். வேறு வண்டியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

ஆனால் அப்பா இன்னும் முழுதாக நம்பவில்லை. “மார்கழிக்கு சரிம்மா. சித்திரைல நந்தனம் சிக்னல்ல நின்னா?” என்று வாரத்துக்கு ஒருமுறை கேட்கிறார். ரேடியேட்டர் சுத்தமாக இருக்கும்வரை கொதிக்காது என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று சொல்லி அவரை வாயடைக்க எனக்கு இனி விருப்பமில்லை. சித்திரை முதல் வாரத்துக்கு ஆபீசில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த ஏழு நாளும் மதியச் சாப்பாட்டு நடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு வரப்போகிறேன்.