தட்டின் அடியில் கருமணல்

இன்று காலை மழை விட்டதும், எதிர்வீட்டுக் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல்குவியலின் அடியில் கருமணல் மட்டும் தனியே பிரிந்து ஒரு கோடாகக் கிடந்தது. இப்போது ஒரு விடுதியின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் போய்விட்ட நாகலூர் ஓடையிலும் அப்படித்தான். மலைப்பாறையை அரித்து வரும் வெள்ளம் வளைவில் வேகம் குறைந்ததும் கனமானதைப் போட்டுவிட்டு லேசானதை இழுத்துப் போகும், அந்தக் கருமணலோடு கடுகில் பாதிகூட இல்லாத பொன்துகளும் தங்கும், அடுத்த வெள்ளம் அதை வேறிடத்துக்கு மாற்றிவிடும். எஸ்டேட்டில் வேலை இல்லாத நாட்களில் அப்பா அதை மரத்தட்டில் சுழற்றி அலசுவார்; நகக்கண்ணில் ஒட்டியதும் வீணாகக் கூடாதென்று, முடித்தபின் கைகளைத் தட்டுக்குள்ளேயே கழுவுவார்.

ஒரு வருடம் ஐப்பசியில், தீபாவளிக்கு அடுத்த புதன்கிழமை, பெருவெள்ளம் வடிந்திருந்தது. அப்பா பழைய வளைவிலேயே கரைக்கு அடியில் குடைந்தார்.

“ஏனுங்க, தண்ணி போற தடமே மாறிப்போச்சு. இன்னும் அங்கயேவா இருக்கும்?” என்றாள் அம்மா.

“தங்கம் நொம்ப கனம் புள்ள. உன்னையாட்டமே, லேசுல நகராது” என்று சிரித்தார்.

மத்தியானம் கரை சரிந்து அவரை மூடியது. தோண்டி எடுத்து வாசலில் கிடத்தினார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் வந்தபோது அம்மா என்னிடம், “கண்ணு, அந்தத் தட்ட எடுத்துட்டு வா” என்றாள். அப்பாவின் கைகளை அதற்குள் வைத்து நகம் நகமாகக் கழுவினாள். பிறகு, ஊரே பார்த்திருக்க, தட்டை மெல்லச் சுழற்றினாள்.

அடியில் கருமணல் தங்கியது. ஏதாவது மின்னுகிறதா என்று நானும் குனிந்து பார்த்தேன்.