கால் எட்டாத வண்டி

என் பழைய அட்வெஞ்சர் பைக்கை ஏன் மாற்றினேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பிரேக், விளக்கு, இன்ஜின் என்று தொழில்நுட்பமாகவே பதில் சொல்லி வந்திருக்கிறேன். உண்மைக் காரணம் சின்னது. அந்த வண்டியில் உட்கார்ந்தால் என் கால் தரைக்கு எட்டாது.

அடியோடு எட்டாது என்று சொல்ல முடியாது. இடுப்பை ஒரு பக்கமாக நகர்த்தி, உடம்பைச் சரித்து, பாதத்தை நீட்டினால், கீழே தரை இருக்கிறது என்று பெருவிரலுக்குத் தெரியவரும். அவ்வளவுதான். வண்டியைத் தாங்குவதற்கு அந்தத் தகவல் மட்டும் போதாது.

தென்காசியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊராரைக் கேட்பது என் தொழில். மலையையும் ஆற்றையும் கடப்பதற்கென்றே செய்த வண்டி என்று விளம்பரத்தில் சொன்னார்கள். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றாலே மேற்கே மலை தெரியும். அதனால் வாங்கியது நியாயமாகவே பட்டது. வாங்குமுன் ஏறி உட்கார்ந்து பார்க்காமல் இல்லை. பார்த்தேன். ஆனால் அப்போது வண்டி நடு ஸ்டாண்டில் நின்றது. ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில் யாருக்கும் கால் எட்ட வேண்டிய அவசியமில்லை.

அதற்குப் பிறகு பல வருடம் அந்த வண்டி வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும் போய்வந்தது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நிற்கும்போதுதான் சிக்கல். ஊரில் எங்கெங்கே நடைபாதை விளிம்பு இருக்கிறது, எங்கே சாக்கடைச் சுவர் ஒரு சாண் உயர்ந்திருக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த மாதிரி மேடு கண்ணில் படாதவரை வண்டியை நிறுத்த மாட்டேன். இடம் பார்த்து, ஓரம் பார்த்து நான் நிறுத்துவதைக் கண்டவர்கள் எனக்கு நிதானமான ஆள் என்று பேர் வைத்தார்கள்.

மனைவி பின்னால் உட்கார்ந்திருந்தால் கவலையில்லை. கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என்னைவிட இரண்டு விரற்கடை உயரம். வண்டி வேகம் குறைந்ததும் அவளாகவே இரண்டு காலையும் ஊன்றிவிடுவாள். பத்துப் பதினைந்து நொடி வண்டியும் நானும் அவள் பொறுப்பில் நிற்போம். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே கிடையாது.

விழுந்ததெல்லாம் அவள் பின்னால் இல்லாதபோதுதான். பெட்ரோல் பங்கில் ஒரு முறை. ஐந்தருவிக்குப் போகிற வழியில் சரளைக்கல் கிடந்த இடத்தில் இரண்டு முறை. பெரிய கோயில் வாசலில் ஒரு முறை. சாரல் காலத்தில் அந்தக் கோபுர வாசலில் அடிக்கிற காற்று எப்படிப்பட்டது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வேட்டி, குடை, பூக்கூடை எல்லாவற்றையும் அது அள்ளிக்கொண்டு போகும். நான் ஒற்றைப் பெருவிரலில் நின்றுகொண்டிருந்தேன். காற்று லேசாகத்தான் தொட்டது.

கடைசியாக விழுந்தது போன சீசனில், குற்றாலத்தில். மெயின் அருவிக்குப் போகும் சாலையில் ரம்புட்டான் பழம் வாங்க வேண்டும் என்று மனைவி இறங்கிப் போனாள். முன்னால் ஒரு வேன் நின்றது. நானும் நின்றேன். இடப்பக்கம் தரை கொஞ்சம் பள்ளம் என்பதைக் கால் கீழே போகப் போகத்தான் உணர்ந்தேன். வண்டி அவசரப்படாமல் சாய்ந்தது. அதோடு நானும்.

உதவிக்கு ஆளுக்குக் குறைவில்லை. அருவிக்குப் போகிறவர்கள் அஞ்சாறு பேர் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். அத்தனை பேரும் தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்திருந்தார்கள். ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்தார், கை வழுக்கியது. இன்னொருவர் சீட்டைப் பிடித்தார், அதுவும் வழுக்கியது. பாதி தூக்கி இரண்டு முறை கீழே போட்டார்கள்.

"எங்கன பிடிச்சாலும் வழுக்குதுல்லா!" என்றார் ஒருவர், குறை வண்டியில் என்பதுபோல.

"முதல்ல கையத் துடைங்க வே!" என்று பழக்கடையிலிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.

துடைப்பதற்கு அவர்களிடம் இருந்ததும் எண்ணெய்த் துண்டுதான். கடைசியில் பழக்கடைக்காரரும் வேன் டிரைவரும் வந்து நிமிர்த்தினார்கள். பத்துப் பேராவது செல்போனில் படம் எடுத்திருப்பார்கள். மனைவி ரம்புட்டான் பையோடு கொஞ்சம் தள்ளி நின்று, எல்லாம் முடிந்தபிறகு வந்து ஏறிக்கொண்டாள். இலஞ்சி தாண்டியதும் என் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, இந்த வண்டிய மாத்திருங்க."

"ஆமா, பிரேக் பழசாயிட்டு. நானே நினைச்சேன்."

"நிக்கிற வண்டிக்கு எதுக்கு பிரேக்கு?" என்றாள்.

அடுத்த வாரம் ஷோரூமுக்குப் போனோம். அதே வண்டியின் புது மாடல் கண்ணாடிக்குப் பின்னால் சிறு மேடைமேல் நின்றது. விற்பனை இளைஞர் ஆலங்குளத்துக்காரர். மழைக்கு ஒரு மோடு, சாலைக்கு ஒரு மோடு, காட்டுக்கு ஒரு மோடு என்று பொத்தானை அழுத்தி வண்டியின் குணத்தையே மாற்றலாம் என்று விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். பிறகு அவர் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டேன்.

"சீட்டை இறக்க முடியுமா?"

"சீட்டு உயரம் குறையணுமா சார்? தாராளமா!" என்று அவர் ஷோரூம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அங்கே நின்ற எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள்.

"வீட்ல ஏறி இறங்க கஷ்டமா இருக்கு, அதான்" என்று மனைவியைக் காட்டினேன். அவள் என்னை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாள்.

பழைய வண்டிக்கு மதிப்புப் போட ஒருவர் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். நல்ல உயரம். சின்ன டார்ச்சை அடித்து வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்தார். வளைந்த கம்பி, தேய்ந்த ஹேண்டில் முனை, டேங்கில் இருந்த கீறல், ஒடிந்து மாற்றிய கிளட்ச் பிடி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்திருந்தது.

"ரெண்டு பக்கமும் நல்லா அடி வாங்கியிருக்கே. எந்தப் பக்கம் சார் போவீங்க? லடாக்கா?"

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஆலங்குளத்து இளைஞர் என்னைப் புதிதாகப் பார்த்தார். "அப்படியெல்லாம் ஒண்ணும்..." என்று இழுத்தேன். எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பாதியில் நிறுத்தினேன்.

"மலையில அடிச்ச வண்டின்னா மதிப்பு குறையும் சார். உள்ளுக்குள்ள என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாதுல்லா."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மலை ஏறியவன் என்றால் நஷ்டம். நின்ற இடத்தில் விழுந்தவன் என்றால் லாபம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே மனைவி முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. இவங்க எங்கயுமே போகல. நிறுத்தும்போது விழுந்தது. இது பெட்ரோல் பங்கு, இது ஐந்தருவி, இது பெரிய கோயில் வாசல்" என்று கீறல்களை வரிசையாகத் தொட்டுக் காட்டினாள். வகுப்பில் கணக்கு போட்டுக் காட்டுகிற மாதிரியே இருந்தது.

அவர் சிரித்தார். "எல்லாரும் இப்படித்தான் மேடம் சொல்லுதாங்க. கடைக்கும் வீட்டுக்கும்தான் ஓட்டினேன்னு. விழுந்த தடத்தப் பாத்தா எங்களுக்குத் தெரியாதா?"

"ஓடின கிலோமீட்டரப் பாருங்க. எவ்வளவு கம்மின்னு."

அவர் பார்த்தார். "அதத்தான் மேடம் நானும் சொல்லுதேன். கம்மியா ஓடி இவ்வளவு அடி வாங்கியிருக்குன்னா, ஓடின எடம் எப்படிப்பட்ட எடம்!"

மனைவி கீறல்மேல் வைத்திருந்த விரலை எடுத்துக்கொண்டாள். அவர் தன் செல்போனில் 'கடினமான பாதைகளில் அதிகப் பயன்பாடு' என்று பதிவு செய்தார். கிடைக்க வேண்டியதில் கொஞ்சம் போயிற்று. நான் பேரம் பேசவில்லை. போனதற்கு ஈடாக ஏதோ வந்திருப்பதுபோல எனக்குத் தோன்றியது. இதை மனைவியிடம் சொல்லவில்லை.

கையெழுத்துப் போட்டு முடிந்ததும் அந்த உயரமான மனிதர் என் பழைய வண்டியில் ஏறினார். இரண்டு பாதமும் தரையில் தட்டையாகப் பதிந்தன. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. வண்டியை ஷோரூமுக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போனார். வண்டி போனதைவிட, அது அவருக்குக் கீழே அவ்வளவு அடக்கமாக நின்றதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

புது வண்டியில் சீட்டை இறக்கி, சஸ்பென்ஷனையும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார்கள். மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முதல் வாரம் முழுக்க நான் ஓட்டினேன் என்பதைவிட நிறுத்தினேன் என்று சொல்வதுதான் சரி. சும்மா சும்மா நிறுத்தினேன். நட்ட நடுச் சாலையில், மேடு பள்ளம் பார்க்காமல், இரண்டு காலையும் ஊன்றி நின்றேன். சீசன் நெரிசலில் குற்றாலம் சாலையில் எல்லோரும் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டிருக்க, சந்தோஷமாக நின்றது நான் ஒருவன்தான். பின்னால் மனைவி பழக்கத்தில் காலை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

"இனிமே நீ கால் ஊன வேண்டாம்" என்றேன்.

"பரவால்ல, இருக்கட்டும்" என்றாள். காலை எடுக்கவில்லை.

அப்படியே விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஒரு மாதம் கழித்து ஆலங்குளத்து இளைஞர் போன் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடிக்கையாளர்கள் சேர்ந்து மலைப்பக்கம் வண்டியில் போகிறார்களாம். "நிறைய பேர் புதுசு சார். ஆஃப்ரோடு அனுபவம் உள்ளவர் நீங்கதான். முன்னால நாலு வார்த்தை பேசணும்."

நான் மறுப்பதற்குள் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுவிட்டாள். "வாரோம்னு சொல்லுங்க. நீங்க என்ன பேசுதீங்கன்னு நானும் கேக்கணும்."

வடகரைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கூடினார்கள். தோப்புக்காரர் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர். அங்கே லாரி ஓட்டுகிறார். எல்லோருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். இருபது பேருக்குக் குறையாது. என்னை முன்னால் நிறுத்தினார்கள்.

"மலைப்பாதையப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்று தொடங்கினேன்.

கைதட்டினார்கள். தன்னடக்கம் என்று யாரோ பக்கத்து ஆளிடம் சொன்னது காதில் விழுந்தது. மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"விழுறதப் பத்தி வேணும்னா சொல்லுதேன்."

வண்டி சாய ஆரம்பித்துவிட்டால் அதை இழுத்து நிறுத்தப் பார்க்காதீர்கள், முதுகு போய்விடும். விட்டுவிட்டு விலகிக்கொள்ளுங்கள். விழுந்ததும் முதலில் இன்ஜினை அணையுங்கள். வலப்பக்கம் விழுந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை வெளியே தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் நிமிர்ந்த வேகத்தில் மறுபக்கம் விழும். கியரில் போடுங்கள், உருளாது. சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு எனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

"தூக்கிக் காட்டுங்க அண்ணாச்சி" என்றார் தோப்புக்காரர்.

யாராவது வண்டி கொடுங்கள் என்று கேட்டேன். எல்லோரும் அவரவர் வண்டிக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் நெருக்கமாக நின்றுகொண்டார்கள். வேறு வழியில்லை. என் வண்டியைப் புல்லுக்குத் தள்ளிப்போய், வாழ்க்கையில் முதல் தடவையாக, நானே வேண்டுமென்று சாய்த்துப் படுக்க வைத்தேன். யாரோ "ஐயோ" என்றார்கள். அதற்குப் பிறகு ஹேண்டிலைத் திருப்பி, சீட்டில் முதுகைக் கொடுத்து, முழங்காலை மடக்கி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்துக்கொண்டு, பின்னாலேயே சிறு சிறு அடியாக எடுத்து வைத்தேன். வண்டி எழுந்து நின்றது.

ஒருவர் பின் ஒருவராக வந்து தூக்கிப் பார்த்தார்கள். மெலிந்த ஒரு பெண், செங்கோட்டையில் நர்ஸாக இருக்கிறாளாம், முதல் முயற்சியிலேயே தூக்கிவிட்டுத் திகைத்து நின்றாள். புது வண்டியின் டேங்கில் புல்லும் மண்ணும் அப்பியிருந்தன. அன்று காலை முழுக்க அதை எத்தனை முறை படுக்க வைத்தோம் என்று கணக்கில்லை.

பிறகு கிளம்பினோம். நான்தான் முன்னால் போக வேண்டும் என்றார்கள். செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டி, வளைவுகள் ஏறத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் இருபது விளக்குகள் வரிசையாக என் பின்னால் வந்துகொண்டிருந்தன. நான் வேகத்தைக் குறைத்தால் அவர்களும் குறைத்தார்கள். பயத்தில் குறைத்ததையும் ஏதோ நுணுக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கேரள எல்லையைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். சாயா வேணுமோ என்று கேட்டார் கடைக்காரர். நனைந்த கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மனைவி காட்டைப் பார்த்தபடி நின்றாள்.

"இன்னும் கொஞ்ச தூரம் போவோமா?" என்றாள்.

"அங்கிட்டு ரோடு எப்படின்னு எனக்குத் தெரியாதே."

"இவங்ககிட்ட அதச் சொல்லிப் பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் டீயைக் குடித்து முடித்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையைத் தூக்கினேன். இருபது வண்டியும் ஒரே நேரத்தில் உறுமின.