இடது ஓரத்தில் நின்று வலது பக்கம் திரும்பினேன்

போன மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு நாலே நாள் இருக்கும்போது, காலை ஒன்பதரை மணிக்கு, வேலூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பெரிய சிக்னலில் இது நடந்தது. இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வேர்க்கிறது, கூடவே சிரிப்பும் வருகிறது.

எனக்கு ஊர் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டும். எங்கள் மகளிர் குழு சாமை, புளி, தேன் எல்லாம் சேர்த்துப் போளூருக்குக் கொண்டுபோய் விற்கும். பஸ்ஸை நம்பினால் மூட்டை ஒரு நாள் போகும், ஒரு நாள் போகாது. அதனால் குழுவில் ஒரு பழைய வேன் வாங்கினோம். வாங்கிய பிறகுதான் ஓட்ட ஆள் இல்லை என்பது உறைத்தது. "யாராவது கத்துக்கிறீங்களா?" என்று கூட்டத்தில் கேட்டபோது ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். என் கை மட்டும் மேலே போய்விட்டது. ஏன் தூக்கினேன் என்று இன்று வரை எனக்கே தெரியாது.

எட்டே மாசத்தில் கற்று, லைசென்ஸ் எடுத்து, மலைப்பாதையில் மூட்டையோடு ஏறி இறங்கப் பழகிவிட்டேன். கொண்டை ஊசி வளைவில் எந்தக் கியரில் வர வேண்டும், எங்கே ஹாரன் அடிக்க வேண்டும், மேலே ஏறி வருகிற வண்டிக்கு எங்கே ஒதுங்க வேண்டும் எல்லாம் அத்துப்படி. ஆனால் இது எதுவும் என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவர் ராணுவத்தில் இருக்கிறார். பதினாலு மாசமாக லீவு கிடைக்கவில்லை. வரும்போது நேரில் காட்டி அசத்த வேண்டும் என்று நானும் என் மாமியாரும் மூச்சு விடாமல் மறைத்து வைத்திருந்தோம். அவர் போன் பேசும்போது பின்னால் ஹாரன் சத்தம் கேட்டால், "பஸ்சு போவுதுப்பா" என்று அத்தை சமாளிப்பார். எங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு எத்தனை பஸ் வரும் என்று அவருக்குத் தெரியாதா என்ன! எப்படியோ நம்பினார்.

பொங்கலுக்கு லீவு கிடைத்துவிட்டது, காட்பாடிக்குப் பத்து மணிக்கு ரயில் வரும் என்றார். "வண்டி ஏற்பாடு பண்ணியிருக்கேன், ஸ்டேஷன்லயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு எங்கே தூங்கினேன்!

ஆறு மணிக்குப் பனியில் கிளம்பினோம். நான் ஸ்டீயரிங்கில், பக்கத்து சீட்டில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அத்தை. மலை இறங்கி, போளூரைத் தாண்டி, சந்தவாசல், கண்ணமங்கலம் என்று வண்டி பறந்தது. போளூருக்கு அந்தப் பக்கம் நான் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. அத்தை வழியெல்லாம் பாட்டுதான். எனக்கும் பெரிய டிரைவர் ஆகிவிட்ட நினைப்பு வந்துவிட்டது.

அந்த நினைப்பு வேலூர் சிக்னல் வரைக்கும்தான்.

நான் அதுவரை ஓட்டிய எந்த ரோட்டிலும் சிக்னல் கிடையாது. இங்கே ஒரே திசையில் போவதற்கே மூன்று வரிசை. இடது வரிசை இடது பக்கம் திரும்புகிறவர்களுக்கு, நடு வரிசை நேராகப் போகிறவர்களுக்கு, வலது வரிசை வலது பக்கம் திரும்புகிறவர்களுக்கு. இன்றைக்கு இவ்வளவு அழகாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சொன்ன ஒரு வார்த்தைதான்: இடது ஓரமாகவே போம்மா, வம்பு வராது. அதனால் ரொம்ப ஒழுங்காக இடது வரிசையின் முன்னால் போய் நின்றேன். ரோட்டில் அம்புக்குறி வரைந்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கவே இல்லை.

டேஷ்போர்டில் வழி காட்டிக்கொண்டிருந்த போன் வலதுபுறம் திரும்பச் சொன்னது. "அந்தப் பொண்ணு ரைட்டுல போவச் சொல்லுதும்மா" என்று அத்தையும் எடுத்துச் சொன்னார். வலது இண்டிகேட்டரைப் போட்டேன். இண்டிகேட்டர் போட்டால் எல்லாரும் நின்று வழி விடுவார்கள் என்று நினைப்பு. மலையில் அப்படித்தான் விடுவார்கள்.

பச்சை விழுந்தது. ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒரேயடியாக ஒடித்தேன்.

நடு வரிசையில் கிளம்பிய பஸ் கிறீச்சென்று நின்றது. அந்த பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவிலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டுகிறவர், பின்னால் புர்கா போட்ட அவர் மனைவி, முன்னால் நின்றபடி நாலு வயசிருக்கும் பெண் குழந்தை. "யா அல்லாஹ்!" என்ற அலறல் மட்டும் கேட்டது. என் மொத்த உடம்பும் பிரேக்கில் ஏறி நின்றது. வேன் குலுங்கி ஆஃப் ஆனது. ஸ்கூட்டர் சாய்ந்து, அவர் காலை ஊன்றித் தாங்கி, என் கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. கண்ணாடிக்கு நேராக அந்தக் குழந்தையின் முகம். அது அழக்கூட இல்லை. என்னையே பார்த்தது.

சுற்றிலும் ஹாரன். சாவியைத் திருப்பக்கூட எனக்குக் கை வரவில்லை. அத்தை கதவைத் திறந்து இறங்கியது தெரிந்தது. பஸ் டிரைவரோடு சண்டைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் பட்டுப்புடவையோடு நடு ரோட்டில் குனிந்து, வேனுக்கு அடியில் கையை விட்டு, குழந்தையின் காலிலிருந்து கழன்று உருண்ட ஒரு புது ஷூவை எடுத்து, அந்தக் காலில் மாட்டிவிட்டார். பிறகு அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே அழுதார்.

போக்குவரத்துப் பெண் காவலர் ஒருவர் ஓடி வந்து, எங்கள் இரண்டு வண்டியையும் இடது பக்கச் சாலையில் ஓரங்கட்ட வைத்தார். இறங்கினேன். ஸ்கூட்டர்க்காரர் நேராக என்னிடம் வந்தார்.

"லைட்டு போட்டுட்டா ரோடு உங்களுதா ஆயிடுமா? லெஃப்ட்ல நின்னுக்கினு ரைட்ல திரும்புறீங்களே, என் பொண்ணுக்கு ஒண்ணு ஆயிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

"தப்புதாங்க" என்றேன். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. என் வீட்டுக்காரர். எடுக்கவில்லை. அடித்து அடித்து நின்றது.

பெண் காவலர் என் லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். வலது பக்கம் போக வேண்டியவள் சிக்னலுக்கு வெகு முன்னாலேயே வலது வரிசைக்குப் போயிருக்க வேண்டும், வரிசை தப்பிவிட்டால் அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே போய்விட வேண்டும், குறுக்கே வெட்டவே கூடாது என்று கடுமையாகச் சொன்னார். இப்போது இதே இடது சாலையில் நேராகப் போனால் யூ டர்ன் வரும், அதில் திரும்பி வந்து சிக்னலைத் தாண்டினால் காட்பாடி வழி, பத்து நிமிஷம்கூட ஆகாது என்றார். ஒரு சிக்னலையே தாண்டத் தெரியாதவள் யூ டர்ன் எங்கே போடுவது? வேனை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விடலாம் என்று முடிவு பண்ணி, சாவியை எடுத்து அத்தையிடம் கொடுத்துவிட்டேன். இனிமேல் ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லை என்று மனசுக்குள் சத்தியமும் பண்ணினேன்.

அத்தைதான் ஸ்கூட்டர்க்காரரின் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். புள்ளை பட்டாளத்திலிருந்து வருவது, நான் ரகசியமாக வண்டி கற்றது, காலையில் மலையிலிருந்து கிளம்பியது. அந்தப் பெண் முகத்துணியை விலக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயசு சின்னவளாக இருப்பாள்.

"ஜவ்வாது மலையில இருந்தா? அத்தினி வளைவும் நீங்களே ஓட்டிக்கினா வந்தீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நாங்க ஒரு தபா வந்தோம்க்கா. பாதி மலையில எனக்கு வாந்தி, இவருக்கு மயக்கம்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இப்ப பயந்து எறங்கிட்டீங்கன்னா அப்புறம் ஏறவே மாட்டீங்க. வேணாம்க்கா. ஏறுங்க."

புருஷனைப் பார்த்து உருதுவில் ஏதோ சொன்னாள். அவர் முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பியவர்கள், மூவரும் புதுத்துணியில் இருந்தார்கள். அவர் நேரத்தைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"என் பின்னாலயே வாங்க. நான் கை காட்டினப்புறம் கண்ணாடியப் பாருங்க, பாத்துட்டு வரிசை மாறுங்க. ஒவ்வொரு வரிசையா மாறணும். எவன் ஹாரன் அடிச்சாலும் அடிக்கட்டும்."

அத்தை சாவியை என் கையில் திணித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்! முன்னால் அந்த ஸ்கூட்டர் மெதுவாகப் போகிறது. யூ டர்ன் கண்ணுக்கே தெரியாத தூரத்தில் அவர் வலது கையை நீட்டுகிறார். நான் கண்ணாடி பார்க்கிறேன், இண்டிகேட்டர் போடுகிறேன், ஒரு வரிசை மாறுகிறேன். கொஞ்ச தூரம் அப்படியே. மறுபடி கை. இன்னொரு வரிசை. அட, யாரும் திட்டவில்லை! பின்னால் வந்த லாரிகூட வேகத்தைக் குறைத்து இடம் விட்டது. யூ டர்ன் வந்தபோது நாங்கள் ஏற்கனவே வலது கோடியில் இருந்தோம், வட்டம் போட்டதுபோலத் திரும்பினோம். அதே சிக்னல் மறுபடி வந்தது. இந்தத் தடவை நேராகப் போக நடு வரிசை. பெண் காவலர் என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அத்தை பதிலுக்கு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

சிக்னலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஸ்கூட்டர் இடது ஓரம் ஒதுங்கியது. அவர்கள் வந்த வழியே திரும்பிப் போக வேண்டுமே. நான் பக்கத்தில் போகும்போது அவர் ஒரு விரலைக் காட்டி, வலது பக்கம் வளைத்துக் காட்டினார். இன்னும் ஒரே ஒரு வலது திருப்பம். குழந்தை புது ஷூ போட்ட காலை ஆட்டிக்கொண்டு டாட்டா காட்டியது. நிறுத்தி நன்றி சொல்ல இடமில்லை, பின்னால் வண்டிகள். பேர்கூடக் கேட்கவில்லை.

அடுத்த சிக்னல் தூரத்தில் தெரிந்தது. இப்போது முன்னால் யாரும் இல்லை, நான் மட்டும்தான். இண்டிகேட்டர். கண்ணாடி. ஒரு கார் போகட்டும். இப்போது மாறு. கொஞ்சம் பொறு. மறுபடி கண்ணாடி. இன்னொரு வரிசை. அத்தை முன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திடீரென்று கத்தினார்.

"அம்பு வளைஞ்சிருக்கும்மா! ரைட்டு பக்கம் வளைஞ்சிருக்கு! நாம சரியாத்தான் நிக்கிறோம்!"

பச்சை விழுந்தது. யாரையும் வெட்டாமல், யாருக்கும் பயந்து ஒதுங்காமல், என் வரிசையிலேயே அழகாகத் திரும்பினேன். திரும்பி முடித்ததும் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட கூச்சலில் பக்கத்து ஆட்டோக்காரர் மிரண்டு போனார்.

ஸ்டேஷனுக்குப் போகும்போது பத்தரை. என் வீட்டுக்காரர் பெரிய பச்சைப் பையோடு வாசலில் நின்றிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓடி வந்தவர், வேனைச் சுற்றிச் சுற்றித் தேடினார்.

"போன் எடுக்க மாட்டியா? சரி, டிரைவர் எங்க?"

நான் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி, "ஏறுங்க" என்றேன்.

ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். அவ்வளவு நாள் கற்பனை செய்து வைத்திருந்த அந்த முகத்தை நேரில் பார்த்துவிட்டேன். கற்பனையைவிட நன்றாக இருந்தது. ஆனால் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. "வழியில கொஞ்சம் சுத்திட்டோம், அவ்ளோதான்" என்று அத்தை மூடி மறைக்கப் பார்த்தார். நான் வண்டியை எடுக்கும் முன்பே நடந்தது முழுவதையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "குழந்தைக்கு ஒண்ணும் ஆவலையே?" என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்று உறுதியான பிறகுதான் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். மலை ஏறும்வரை ஒரு தடவைகூட, "நான் ஓட்டட்டுமா?" என்று கேட்கவே இல்லை.

இப்போது மாசத்துக்கு இரண்டு தடவை வேலூருக்கு லோடு எடுத்துப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் குடும்பம் கண்ணில் படாதா என்று பார்ப்பேன், பட்டதில்லை. சிக்னலில் யாராவது தப்பான வரிசையில் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்த்தால், பின்னால் யார் எவ்வளவு கத்தினாலும் என் கை ஹாரனுக்குப் போவதில்லை. கோபப்பட எல்லா நியாயமும் இருந்த ஒரு மனிதர் அன்றைக்குத் தன் வழியை விட்டுவிட்டு எனக்கு முன்னால் போனாரே, அந்த உதவியை நான் யாருக்காவது செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.