மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள்

தையல் தொழிலில் துணி பொய் சொல்லாது. அளவு கொடுக்க நிற்பவர்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்லுவார். ஊசியோடு மாரடிக்கும் சகோதரிகளே, இது உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். தவணை தொடங்கப் போகிறதென்றால் ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் என் கண்ணாடிக்கு முன்னால்தான்.

பூட்டாத சட்டை

நிலாவெளியிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அளவெடுத்தேன், தைத்தேன், கொடுத்தேன். பள்ளிக்கூடம் தொடங்கிய அன்றே தாய் திரும்பி வந்து வெள்ளைக் கவுன் சட்டையை மேசையில் போட்டார். இடுப்பில் சிப்பை இழுத்துப் பூட்ட முடியவில்லையாம். "உங்கட டேப்பை முதல்ல மாத்துங்கோ" என்று அவர் சத்தம் போட, எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. பின்னால் நின்ற மகள்தான் மெல்ல வாயைத் திறந்தாள்.

"டேப்பில பிழையில்லை அன்ரி, அளவெடுக்கேக்க நான் வயித்தை உள்ள இழுத்துக்கொண்டு நிண்டனான்."

முழிச்சிருந்து வளர்கிறவன்

அதற்குப் பிறகு ஒரு தந்திரம் பழகினேன். அளவு நாடாவைச் சுற்றியதும் ஏதாவது கேட்பேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்ல ஒருவராலும் ஏலாது. வாய் திறந்தால் வயிறு தன் இடத்துக்கு வந்துவிடும்.

பெண்பிள்ளைகள்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். கிண்ணியாவிலிருந்து தகப்பனோடு வந்த ஒல்லிப் பையன் ஒருவன் நெஞ்சைப் புடைத்துக்கொண்டு நின்றான். தோளுக்குள் பஞ்சு வைத்துத் தைக்கச் சொன்னான், பள்ளிக்கூடச் சட்டைக்கு! கண் இரண்டும் சிவந்திருந்ததால், ராவில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். விடியும்வரை போனில் உடற்பயிற்சி வீடியோ பார்த்துத் தண்டால் எடுக்கிறானாம். வகுப்பில் 'எலும்பன்' என்கிறார்களாம். சொல்லும்போதே நெஞ்சு தணிந்துவிட்டது. தகப்பன் கதிரையில் இருந்தபடி தலையிலடித்துக்கொண்டார்.

"நித்திரை கொண்டாத்தானே புள்ள வளரும்? இவன் ராமுழுக்க முழிச்சிருந்து வளரப் பாக்கிறான்!"

பழைய சட்டையின் அளவு

இனி என் வீட்டுக் கதை. மகள் டிலானி பத்தாம் வகுப்பு. வகுப்பில் எடுத்துப் போனில் பகிர்ந்த படமொன்றின் கீழ் அவளுடைய உடம்பைப் பற்றி யாரோ எழுதிவிட்டார்கள். அதிலிருந்து தகப்பனின் பெரிய ரீசேட்டுக்குள் ஒளிந்துகொண்டாள். இரவில் சாப்பிட மாட்டாள். பசியில் நித்திரை வராது. நித்திரை வராவிட்டால் போன். காலையில் முகம் கறுத்துப்போயிருக்கும். கையைத் தோளில் வைத்தால்கூடத் தட்டிவிடுவாள்.

இடுப்பைச் சுற்றி அளவெடுப்பதென்றால் பாதி கட்டிப்பிடிப்பது மாதிரித்தான். ஊரார் பிள்ளைகள் எல்லாம் என் கைக்குள் வந்து போக, என்னுடையது வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். இந்த வருஷச் சட்டையையும் போன வருஷச் சட்டையைப் பார்த்துத்தான் வெட்டினேன். என்னோடு வேலை செய்யும் வசந்தி அக்கா பொத்தான் தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ஊர்ப்பிள்ளையளை எல்லாம் கட்டிப்பிடிச்சுப்போட்டு, சொந்தப் பிள்ளைக்கு மட்டும் துணியை அளக்கிறீர்."

மகளிடம் பலிக்காத தந்திரம்

பழைய அளவில் தைத்தால் என்ன நடக்கும்? சட்டை பள்ளிக்கூடத்திலேயே தையல் விட்டுப்போனது. மத்தியானம் புத்தகப் பையால் இடுப்பை மறைத்துக்கொண்டு டிலானி நேரே கடைக்கு வந்தாள். கண்ணாடிமேல் ஒரு சீத்தைத் துணியைப் போட்டுவிட்டு நாடாவை எடுத்தேன். தட்டிவிடவில்லை. ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றாள்.

"இண்டைக்கு ரீச்சர் என்ன படிப்பிச்சவ?" என்று தொடங்கினேன். "அந்தக் கதை குடுக்கிற வேலை எனக்குத் தெரியும் அம்மா" என்றாள். கடையிலேயே வளர்ந்த பிள்ளை அல்லவா! வேறு வழியில்லாமல் நாடாவைச் சுற்றிப் பிடித்தபடி காத்திருந்தேன். எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடிப்பாள்? கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டாள். வயிறு என் கைக்குள் வந்தது, தலை என் தோளில் சாய்ந்தது. எனக்குக் கண் கலங்கி நாடாவில் இலக்கமே தெரியவில்லை.

"கெதியா எடுத்து முடிச்சிடாதீங்கோ அம்மா, நித்திரை வருது."

துணி பொய் சொல்லாது, தையற்காரி சொல்லுவாள்: அளவு பிழைத்துவிட்டது, நாளைக்கும் எடுக்க வேண்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.