மைக் முன்னால் நடந்த கல்யாணம்

1963 வைகாசியில், விருத்தாசலம் கடைத்தெருவில் பந்தல் போட்டு, திரௌபதிக்கும் பச்சமுத்துவுக்கும் கல்யாணம் நடந்தது. ஐயர் இல்லை, ஓமம் இல்லை; சுயமரியாதைக் கல்யாணம். கட்சிப் பேச்சாளர் கோவிந்தராசு தலைமை தாங்கி, வெயில் ஏறும்வரை மைக்கில் பேசினார். அவர் பேசி முடித்த பிறகுதான் மாப்பிள்ளை தாலி கட்ட முடிந்தது.

பச்சமுத்து ரயில்வே ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். வேலை முடிந்ததும் படிப்பகத்துக்குப் போய்க் கட்சிப் பத்திரிகையை நாலு பேர் கேட்க உரக்கப் படிப்பான். படித்துப் படித்து அவன் பேச்சே மாறிவிட்டது. வீட்டில் தண்ணீர் கேட்டாலும் மேடையில் கேட்பது போலிருக்கும். திரௌபதிக்கு அது பிடித்திருந்தது. அவள் பிறந்த கம்மாபுரத்து வீட்டில் அப்பா, அம்மாவைக் கூப்பிடுவதே “ஏய்” என்றுதான்.

அவள் பீங்கான் பட்டறையில் அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றும் வேலைக்குப் போனாள். வருஷங்கள் ஓடின. குழந்தை இல்லை.

மாமியார் விருத்தாம்பாள் முதலில் பழமலைநாதருக்கு வேண்டிக்கொண்டாள். பிறகு ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். சமையல்கட்டில் திரௌபதி இருக்கும்போதே மகனிடம் சொன்னாள்.

“வக்கீலக் கேட்டுட்டேன்டா. மந்திரம் சொல்லி அக்கினி வலம் வராதது கல்யாணமே இல்லியாம். நீ இன்னொருத்தியக் கட்டினா கேஸுகூட வராது.”

திரௌபதி கணவனின் பதிலுக்காகக் காத்திருந்தாள். பெண்ணுரிமையைப் பற்றி அவன் படிப்பகத்தில் எத்தனையோ முறை படித்திருந்தான். இப்போது அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கடைசியில், “பாப்போம்” என்றான்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் நேரே கோவிந்தராசு வீட்டுக்குப் போனாள்.

“அண்ணே, நீங்கதான நடத்தி வச்சீங்க. அது கல்யாணமா இல்லியா, சொல்லுங்க.”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “நம்மளப் பொறுத்தவரைக்கும் கல்யாணந்தாம்மா. கோர்ட்டு இன்னும் ஒத்துக்கல. நாம ஆட்சிக்கு வந்தா சட்டத்த மாத்திடுவோம்.”

“அப்ப இத அன்னைக்கு மைக்குல ஏன் சொல்லல?”

ஊர் ஊராகப் பேசியவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். “சொல்லியிருக்கணும்மா” என்றார்.

அவரால் செய்ய முடிந்ததைச் செய்தார். பச்சமுத்துவைப் பார்த்து, தேர்தல் முடியும்வரை பெண் பேச்சை எடுக்காதே என்று கண்டித்தார். அவர் சொல்லைத் தட்ட அவனுக்குத் தைரியம் இல்லை. பெண்டாட்டிக்காக இல்லாவிட்டாலும் கட்சிக்காகத் தள்ளிப் போட்டான்.

1967 மாசியில் தேர்தல் நடந்தது. அதுவரை ஓட்டுப் போடும் நாளை அரைக்கூலி போகும் நாள் என்றே நினைத்திருந்த திரௌபதி, பொழுது விடிவதற்குள் பள்ளிக்கூடத்து வரிசையில் போய் நின்றாள். ஆட்சி மாறியது. ஊரே பட்டாசு வெடித்தது. விருத்தாம்பாள் மட்டும் அசரவில்லை. ஐப்பசியில், “வர்ற தையில முகூர்த்தம் வச்சிருக்கேன். இதுக்கு மேல யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன்” என்றாள். பச்சமுத்து அப்போதும் வேண்டாமென்று சொல்லவில்லை.

கார்த்திகை மழையில் ஒரு சாயங்காலம், பட்டறையில் கூட வேலை செய்யும் காசியம்மாளும் திரௌபதியும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பஞ்சாயத்து ரேடியோவின் குழாய் ஒலிபெருக்கியில் செய்தி போய்க்கொண்டிருந்தது. சுயமரியாதைத் திருமணங்கள் செல்லும் என்று சட்டசபை சட்டம் நிறைவேற்றிவிட்டதாம். முன்பு நடந்தவையும் செல்லுமாம்.

திரௌபதி சேற்றில் அப்படியே நின்றாள். “என்னாடி சொல்றான்? முன்னாடி நடந்ததுமா?”

“முன்னாடி நடந்ததுந்தான். காதுல நல்லாத்தான் வுழுந்துச்சு” என்றாள் காசியம்மாள்.

திரௌபதி ரேடியோ மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். பசிதான் வந்தது. மாதக்கணக்கில் பேருக்குத்தான் சாப்பிட்டு வந்தாள். காசியம்மாள் வாங்கிக் கொடுத்த போண்டாக்களை மழையிலேயே உட்கார்ந்து தின்றாள்.

வீட்டில் பச்சமுத்துவுக்குச் செய்தி முன்பே எட்டியிருந்தது. முகம் மலர்ந்திருந்தான். “வரலாற்றுச் சிறப்புமிக்க நாள்” என்று ஆரம்பித்தான்.

“நிறுத்துங்க” என்றாள். “சட்டம் சொல்லிடுச்சு, சரி. நீங்க எப்ப சொல்லுவீங்க?”

அவன் எழுந்து அம்மாவிடம் போனான். மேடைத் தமிழெல்லாம் எங்கோ போய்விட்டது. “யம்மா, ஸ்ரீமுஷ்ணத்துக்கு ஆள அனுப்பி வாணாம்னு சொல்லிடு. எனக்கு இவதான்” என்றான். சட்டம் வராமல் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பானா என்பது திரௌபதிக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் சொன்னான். அதுவே அன்றைக்குப் போதுமாக இருந்தது.

ஊர் எதிர்பாராதது விருத்தாம்பாள் மாறியதுதான். சர்க்கார் என்றால் அவளுக்கு அப்படி ஒரு மரியாதை. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு குழாயடியில், “எம் மருமவ கல்யாணத்த மெட்ராஸுல சட்டசபையே கூடி ஒத்துக்கிச்சு. ஒங்க வூட்டு மருமவளுக்கு அப்படி நடந்துச்சா?” என்று கேட்க ஆரம்பித்தாள்.

குழந்தை பிறந்ததா என்றால், பிறக்கவில்லை. அந்தப் பேச்சைப் பிறகு யாரும் எடுக்கவில்லை. எழுபதுகளில் மைக் செட்டும் தலைமையுரையும் ஊரில் வழக்கமாகிவிட்டன. கட்சியில் இல்லாதவர்கள்கூடக் கல்யாணப் பத்திரிகையில் ‘வாழ்த்துரை’ என்று நாலு பேரைப் போட்டார்கள். அந்தப் பந்தல்களில் பெண்ணைப் பெற்றவர்கள் சிலர் திரௌபதியை ஓரமாக அழைத்து, “இது செல்லுமாக்கா?” என்று கேட்பார்கள்.

“செல்லும். பயப்படாம பந்தி போடுங்க” என்பாள். சொல்லிவிட்டு முதல் பந்தியிலேயே போய் உட்கார்ந்துகொள்வாள்.