பிரதம விருந்தினருக்கு முதுகு

யுத்தம் முடிந்த வருடம், தொண்டர் ஆசிரியையாக எனக்கு ஒன்பதாவது வருடம். சம்பளமில்லாமல் நடனம் படிப்பித்துக்கொண்டு, நிரந்தர நியமனம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாக நின்றேன். அப்போதுதான் மட்டக்களப்பில், வாவிக்கரை மைதானத்தில், ஒற்றுமைக்கென்று ஓர் அரச விழா வந்தது. இனத்துக்கு ஒரு நடனம். சிங்களவருக்குக் கண்டி நடனம், முஸ்லிம்களுக்குக் களிகம்பு, தமிழருக்குப் பரதம் என்று கொழும்பிலேயே பட்டியல் போட்டாயிற்று. எங்கள் சனம் பார்த்து வளர்ந்தது கூத்து என்பது பட்டியல் போட்டவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டார்.

“வடிவாச் செய்யுங்க பிள்ள. உங்கட பேர நான் மேல அனுப்புறன்” என்றார் கலாசார அதிகாரி.

அதற்குப் பிறகு எனக்கு நித்திரையே இல்லை. ஆறு பிள்ளைகளைப் பிடித்து உயிரை வாங்கினேன். நடுவில் ஆடியவள் பத்தாம் தரம். சுனாமிக்குத் தாயைக் கொடுத்தவள். அவள் கால் போகிற பக்கம் மற்ற ஐந்து பேரும் போவார்கள். பிரதம விருந்தினருக்கு முதுகு காட்டக்கூடாது என்று அதிகாரி ஒரு தரம் சொன்னதை நான் நூறு தரம் சொன்னேன்.

நாலு பக்கமும் திறந்த மேடை. விழாவன்று பந்தலும் கதிரைகளும் மேடைக்கு முன்னால், பெரியவர்களுக்கு. ஊர்ச்சனத்தை மேடைக்குப் பின்னால், கயிற்றுக்கு அப்பால், வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். கண்டதுமே எங்கோ பிசகப்போகிறது என்று பட்டது. எங்கள் கூத்துக்களரி வட்டமானது. சுற்றிவரச் சனம் இருக்கும். ஆடுகிறவர் நாலு பக்கமும் திரும்பி ஆடவேண்டும். ஒரு பக்கத்தை விட்டால் அந்தப் பக்கத்துச் சனம் சும்மா விடாது.

மூன்றாவது நிமிடம் நடுவில் நின்றவள் திரும்பினாள். ஐந்து பேரும் திரும்பினார்கள். கயிற்றுக்கு அப்பால் விசில் பறந்தது. ஒரு முழு ஜதிக்கும் பிரதம விருந்தினர் ஆறு பின்னல்களைத்தான் பார்த்தார்.

ஆட்டம் முடிந்து பிள்ளைகள் இறங்கி வரும்போதே அதிகாரி என்னைப் பிடித்துவிட்டார். “ஆரு சொல்லிக் குடுத்த இத?”

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடுமே என்ற பயம் எனக்கு. “நான் சொல்லிக் குடுக்கல்ல சேர். இவள்தான் குழப்பினவள்” என்று அவளைக் கை நீட்டிக் காட்டினேன். அவர் எல்லோருக்கும் கேட்க அவளை ஏசினார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நியமனம் வந்தது. அவள் நடன வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் பாடசாலை வாசலில் மறித்து, “ஏன் மகள் வாறல்ல?” என்று கேட்டேன்.

“அண்டைக்கு அப்பா பின்னால நிண்டவரு ரீச்சர். அம்மா போனதுக்குப் பிறகு சனத்துக்குள்ள வராதவரு. நான் ஆடுறதப் பாக்க எண்டு வந்தவரு. அவருக்கு எப்பிடி முதுகக் காட்டுற?”

“அத நீ என்னட்டச் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“நீங்க என்னக் கை நீட்டிக் காட்டினதையும் அவரு பாத்துக்கொண்டுதான் நிண்டவரு ரீச்சர்.”